இருபரிமாணச் சண்டையும் இரண்டு மெகாபைட்டும்

யாழ்ப்பாணத்தில் முப்பது வயதைக் கடந்தவர்களிடம் சண்டை விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு தயாராக இருக்கும். டெக்கன் 3தான் உச்சம். அதற்கு முந்தைய தட்டைப் படச் சண்டைகள் எல்லாம் இயந்திரம் வளராத காலத்தின் கைவேலை. முப்பரிமாணம் வந்ததும் இருபரிமாணத்தின் கதை முடிந்தது. நன்றாக விளையாடத் தெரிந்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதால் இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் எந்தச் சான்றுகளை வைத்து இந்தத் தீர்ப்புக்கு வந்தோம் என்று கேட்டாக வேண்டும். குடாநாட்டுக்கு வந்து சேர்ந்த இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான்: நின்டென்டோவின் ஃபமிகொமைப் பார்த்துச் செய்த மலிவான ரீவி கேம் பெட்டிகள் முதலாவது, சோனியின் பிளேஸ்டேசன் இரண்டாவது. இருபரிமாணச் சண்டையை உரிய தரத்தில் நிகழ்த்திய இயந்திரங்கள் இந்த இரண்டுக்கும் இடையிலும் பக்கத்திலும் இருந்தன. அவை இங்கே வரவில்லை. வந்தவற்றின் குறையை நாம் வடிவத்தின் குறையாக எடுத்துக்கொண்டோம் என்பதே என் வாதம்.

வராமல் போன காரணத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாகி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அதே 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபமிகொம் விற்பனைக்கு வந்தது. 1991இல் ஸ்ட்ரீட் பைட்டர் 2 வந்தது. 1994இன் கடைசி வாரங்களில் சாட்டர்னும் பிளேஸ்டேசனும் வந்தன. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இந்தத் துறையின் பதினாறு பிட் காலத்தின் பெரும்பகுதி நமக்கு விளக்கெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் கழிந்தது. கறண்ட் படிப்படியாகத் திரும்பி, 2002இல் ஏ9 பாதை திறந்து, கொழும்புச் சாமான்கள் வரத் தொடங்கியபோது நம் முன் இருந்தவை 1983ஆம் ஆண்டின் வடிவமைப்பும் 1994ஆம் ஆண்டின் வடிவமைப்பும் மட்டுமே. நடுவே நிகழ்ந்த வாதம் முழுவதையும் கேட்காமல் முடிவுரையை மட்டும் கேட்டோம்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். எத்தனை பிட், எத்தனை நிறம் என்பவை விளம்பரக்காரர் தந்த அளவுகள். சண்டை விளையாட்டு இயந்திரத்திடம் கேட்பது வேறு. இரண்டு பெரிய உருவங்கள் ஒரே கிடைக்கோட்டில் எதிரெதிரே நிற்கின்றன. திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிலையும், ஒவ்வொரு குத்தும், விழுதலும், எழுதலும் தனித்தனி ஓவியம். ஆகவே ஒரு கிடைக்கோட்டில் எவ்வளவு உருவத்தை வரைய முடிகிறது என்பது முதற்கேள்வி. ஓவியக் களஞ்சியத்திலிருந்து வேண்டிய படம் வேண்டிய கணத்தில் திரைக்கு வந்து சேர்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கணக்கு எளிது. நூறு பிக்சல் அகலமும் நூறு பிக்சல் உயரமும் கொண்ட ஓர் ஓவியத்தைப் பதினாறு நிறத்தில் வைத்தால் 5,000 பைட் பிடிக்கும். ஒரு வீரனுக்கு 400 ஓவியம் என்றால் இருபது இலட்சம் பைட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை தானாக விளங்கும்.

ரீவி கேம் பெட்டியில் தொடங்குவோம். ஃபமிகொமின் படச்சில்லு 64 ஸ்பிரைட்டுகளைக் கையாளும். ஸ்பிரைட் என்றால் பின்னணியைத் தொடாமல் தனியே நகர்த்தக்கூடிய உருத்துண்டு. ஆனால் ஒரு கிடைக்கோட்டில் எட்டுத்தான் தெரியும், ஒவ்வொன்றும் எட்டுப் பிக்சல் அகலம். 256 பிக்சல் அகலத் திரையில் 64 பிக்சல், அதாவது காற்பங்கு. இரண்டு வீரர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 32 பிக்சல். அதற்கு மேல் போனால் ஏதாவது ஓர் உறுப்பு மறையும். மறைவதை மாறிமாறி வரச் செய்தால் உருவம் சிமிட்டும். ‘ஒன்றுக்குள் நூறு’ கேசட்டுகளில் நாம் கண்ட யி ஆர் குங்பூ 1985ஆம் ஆண்டின் ஆக்கம். அது இந்த எல்லையை மதித்து வீரர்களைச் சிறிதாக வைத்தது, அதனால் சிமிட்டல் குறைவு, ஆட்டம் நேர்மையானது. பின்னர் தாய்வானிலும் சீனாவிலும் உரிமமின்றிச் செய்யப்பட்ட ஸ்ட்ரீட் பைட்டர் போலிகள் எல்லையை மீறி வீரர்களைப் பெரிதாக்கின. அதற்கு விலையாக அசைவுகளைக் குறைத்தன. ஓர் உதைக்கு இரண்டு ஓவியம், நடுவே ஒன்றுமில்லை. இப்படியான உதையை எதிர்கொள்ள முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சண்டை விளையாட்டின் உயிரே எதிராளியின் அசைவைத் தொடக்கத்திலேயே வாசித்து விடை சொல்வதில் இருக்கிறது. தொடக்க ஓவியமே இல்லாத இடத்தில் வாசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அந்த இயந்திரத்தால் முடியாது என்று தீர்ப்பெழுதுவது தவறு. 1993இல் நின்டென்டோவே ஃபமிகொமுக்காக வெளியிட்ட ஜோய் மெக் பைட் அந்தத் தீர்ப்பை மறுக்கிறது. அதன் வீரர்கள் ரோபோக்கள், மொத்தம் 36 பேர். அவர்களுக்குத் தலை, உடல், கை, கால் உண்டு. உறுப்புகளை இணைக்கும் தோளும் முழங்காலும் இல்லை. உறுப்புகள் காற்றில் தனித்தனியாக மிதக்கின்றன. இணைப்பை நீக்கியதால் ஒரு கிடைக்கோட்டில் செலவாகும் ஸ்பிரைட்டுகள் குறைந்தன. உறுப்புகளை நகர்த்தினாலே புதிய நிலை கிடைப்பதால் ஒவ்வொரு நிலைக்கும் முழு ஓவியம் தேவைப்படவில்லை. விளைவு, எட்டு பிட் இயந்திரத்தில் அசைவு அறுபடாத சண்டை. அழகியலும் பொறியியலும் ஒரே முடிவாகக் கூடிய அரிய ஆக்கம் இது. குறையும் உண்டு: உருவங்களுக்கு எடை இல்லை, ஒரு குத்து விழும்போது உடல் முழுவதும் அதை வாங்கும் உணர்வு வருவதில்லை. இருந்தாலும் முறைமையின் ஒழுங்கில் இதைவிடத் தெளிவான பாடத்தை இத்துறையில் நான் பார்த்ததில்லை. அந்த விளையாட்டு ஜப்பானுக்கு வெளியே அப்போது விற்கப்படவில்லை. நம் வீட்டுப் பெட்டி எதைச் செய்யவல்லது என்பதன் மிகச் சிறந்த சான்று நம் வீட்டுக்கு வரவேயில்லை.

இனி நாம் தவறவிட்ட காலம். மெகா ட்ரைவ், சூப்பர் ஃபமிகொம் என்ற இரண்டு பதினாறு பிட் இயந்திரங்களும் நேருக்கு நேர் நின்ற களம் ஸ்ட்ரீட் பைட்டர் 2. கணக்கில் சூப்பர் ஃபமிகொம் முன்னிலை: 32,768 நிறங்களிலிருந்து திரையில் 256. மெகா ட்ரைவில் 512இலிருந்து 64தான். ஆனால் சண்டைக்கு வேண்டிய இடங்களில் அந்த முன்னிலை குறைகிறது. சூப்பர் ஃபமிகொம் 64 கிலோபைட் பட நினைவகத்தில் ஸ்பிரைட்டுகளுக்கு ஒரு நேரத்தில் 16 கிலோபைட் மட்டுமே தருகிறது. நம் கணக்குப்படி இரண்டு வீரர்களே பத்துக் கிலோபைட்டை எடுத்துக்கொண்டால் தீப்பந்துக்கும் அடியின் பொறிக்கும் மிஞ்சுவது சொற்பம். ஸ்பிரைட் அளவுகளிலும் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் கலக்கலாம். மெகா ட்ரைவ் இந்தக் கட்டுப்பாடுகளை விதிக்கவில்லை. எட்டிலிருந்து 32 பிக்சல் வரை எந்த அகலமும் எந்த உயரமும் சேரும், உருத்துண்டுகள் பட நினைவகத்தில் எங்கும் இருக்கலாம். அதன் 68000 செயலி 7.67 மெகாஹேட்ஸில் ஓடுகிறது. எதிராளியின் செயலி 3.58இல். வெவ்வேறு குடும்பத்துச் செயலிகள் என்பதால் இந்த எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஆட்டத்தின் விதிகளைக் கணக்கிடும் வேலையில் மெகா ட்ரைவுக்கு மூச்சு அதிகம் என்பது உண்மை.

இரண்டுக்கும் பொதுவான இடுக்கண் ஒன்று உண்டு. திரை ஒருமுறை வரையப்பட்டு அடுத்தது தொடங்கும் சிறு இடைவெளியில்தான் புதிய ஓவியத்தை வேகமாகப் பட நினைவகத்துக்கு அனுப்ப முடியும். அந்த இடைவெளியில் சூப்பர் ஃபமிகொம் அனுப்பக்கூடியது ஏறத்தாழ 6 கிலோபைட், மெகா ட்ரைவ் ஏறத்தாழ 7. ஒரு வீரனின் ஒரு நிலையே 5 கிலோபைட் என்றால் இருவரும் ஒரே கணத்தில் நிலை மாற முடியாது. ஒருவர் காத்திருக்க வேண்டும், அல்லது உருவத்தைச் சிறுக்க வேண்டும். இந்தத் துறையின் பதினாறு பிட் கலை முழுவதும் இந்த ஆறேழு கிலோபைட்டுக்குள் நடந்த பேரம்.

1992இல் 16 மெகாபிட் கேசட்டில் வந்த சூப்பர் ஃபமிகொம் ஸ்ட்ரீட் பைட்டர் 2 அந்தப் பேரத்தை அறிவோடு நடத்தியது. காசு போட்டு விளையாடும் கடை இயந்திரத்தின் 384 பிக்சல் அகலத்தை 256க்குள் கொண்டுவந்தபோது உருவங்கள் நுணுக்கம் இழந்தன, இழப்பை மறைக்க முடியாது. ஆனால் நிறத்தின் ஆழம் காப்பாற்றப்பட்டது, அசைவின் தாளம் காப்பாற்றப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு பொத்தான் வேண்டிய ஆட்டத்துக்கு ஆறு பொத்தான் கொண்ட கைப்பிடி பிறப்பிலேயே இருந்தது. 1993இல் 24 மெகாபிட்டோடு வந்த மெகா ட்ரைவ் பதிப்பு நிறத்தில் வறியது, குரலில் கரகரப்பானது. அதன் கைப்பிடியில் மூன்றே பொத்தான்கள் இருந்ததால் ஆறு பொத்தான் கைப்பிடியை அந்த ஆண்டே புதிதாகச் செய்து விற்க வேண்டியிருந்தது. கரகரப்பான குரலை நெடுங்காலம் இயந்திரத்தின் கணக்கில் எழுதினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆர்வலர்கள் ஒலியை இயக்கும் நிரலை மட்டும் மாற்றியெழுதி, அதே விளையாட்டில் அதே சில்லிலிருந்து தெளிவான குரலை எடுத்துக் காட்டினார்கள். குறை நிரலாக்கத்தினுடையது. இயந்திரத்தின் எல்லையையும் ஆக்கியோரின் எல்லையையும் பிரித்தறியாத திறனாய்வு எவ்வளவு எளிதில் பிழைபடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மோர்ட்டல் கொம்பட்டில் நிலை தலைகீழ். 1993 செப்டம்பரில் இரண்டு இயந்திரங்களுக்கும் வந்தபோது சூப்பர் ஃபமிகொம் பதிப்பில் படம் மேல், ஆட்டத்தின் விரல் உணர்வு கீழ். குருதிக்குப் பதில் வியர்வை தெறித்தது. மெகா ட்ரைவ் பதிப்பில் படம் முரடு, அசைவு விரலுக்குக் கீழ்ப்படிந்தது. நான் இரண்டாவதையே தேர்வேன். இந்த இரண்டு விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பதினாறு பிட் களத்தில் வெற்றி இயந்திரத்துக்கு உரியதல்ல, ஆக்கத்துக்கு ஆக்கம் மாறுவது என்பது தெளிவாகும். ஆனாலும் ஒரு முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பிடியின் காரணமாகவும் நிறத்தின் காரணமாகவும் சூப்பர் ஃபமிகொம் சற்று மேலே நிற்கிறது.

நியோ ஜியோ இந்தப் பேரத்தில் கலந்துகொள்ளவே இல்லை. எஸ்.என்.கே. நிறுவனம் 1990இல் கொண்டுவந்த அந்த வடிவமைப்பில் நகரும் பின்னணித் தளம் என்ற ஒன்றே கிடையாது. எழுத்துகளுக்கான நிலைத்த தளம் ஒன்றைத் தவிர, மலையும் மரமும் மனிதனும் எல்லாம் ஸ்பிரைட். 16 பிக்சல் அகலமும் 512 பிக்சல் வரை உயரமும் கொண்ட பட்டிகள், ஒரு பிரேமில், அதாவது திரையின் ஒரு வரைவில், 380, ஒரு கிடைக்கோட்டில் 96. ஆயிரத்து ஐந்நூறு பிக்சலுக்கு மேல் ஒரு கோட்டில் வரைய முடிகிறது; திரையின் அகலமோ 320தான். முதற்கேள்வி இங்கே அடிபட்டுப் போகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை இன்னும் துணிவானது: படச்சில்லு ஓவியங்களைக் கேசட்டிலிருந்து நேரடியாகவே வாசிக்கிறது. எந்த நினைவகத்துக்கும் அனுப்பத் தேவையில்லை, எந்த இடைவெளிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கேசட் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அசைவு. இருபரிமாணச் சண்டைக்கு என்ன வேண்டும் என்று சிந்தித்து அதற்காகவே ஓர் இயந்திரம் கட்டப்பட்டிருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உருவத்தைச் சுருக்கலாம், பெரிதாக்க முடியாது. 1992இன் ஆர்ட் ஒஃப் பைட்டிங்கிலும் 1993இன் சாமுராய் ஷோடவுனிலும் வீரர்கள் நெருங்கும்போது காட்சி பெரிதாவது போலத் தெரிவது உண்மையில் பெரிய ஓவியத்தைச் சுருக்காமல் விடுவதுதான். ஊடுதெரியும் நிறக் கலப்பு இல்லை. நிழலை ஒரு பிரேம் காட்டி ஒரு பிரேம் மறைத்து ஒப்பேற்றினார்கள். விலையோ வீடுகளை எட்டவில்லை. அமெரிக்காவில் தொடக்கப் பொதி 650 டொலரை அண்டியது. தனிக் கேசட்டுகளும் நூற்றுக்கணக்கில் விலைபோயின. இந்த வடிவமைப்பின் பெருமை எங்கே இருந்தது என்பதை அதே நிறுவனம் 1994இல் தானே நிறுவிக் காட்டியது. கேசட்டுக்குப் பதில் இறுவட்டு கொண்ட நியோ ஜியோ சீ.டி. வந்தது. அதே செயலி, அதே படச்சில்லு. ஏழு மெகாபைட் நினைவகம் வேறு. ஆனால் ஓவியங்கள் இப்போது விநாடிக்கு 150 கிலோபைட் வேகத்தில் இறுவட்டிலிருந்து வர வேண்டும். ஏழு மெகாபைட்டை நிரப்ப ஏறத்தாழ முக்கால் நிமிடம். சண்டைக்குச் சண்டை காத்திருப்பு. கேசட்டை எடுத்ததும் இயந்திரத்தின் மேன்மையும் போயிற்று.

இங்கிருந்துதான் சாட்டர்ன், பிளேஸ்டேசன் வழக்கைப் பார்க்க வேண்டும். இரண்டும் இறுவட்டு இயந்திரங்கள், வாசிப்பு வேகம் விநாடிக்கு 300 கிலோபைட். இரண்டுக்கும் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். நம் கணக்கின்படி அது ஒரே ஒரு வீரனின் 400 ஓவியம். நிரல், ஒலி, மேடை ஒன்றுக்கும் இடமில்லை. சுருக்கி வைக்கலாம், ஆனால் விரித்தெடுக்கும் வேலை செயலியின் நேரத்தைத் தின்னும். பிளேஸ்டேசனின் பட நினைவகம் 1 மெகாபைட். திரைக்கான இரண்டு சட்டங்களே அதில் 300 கிலோபைட்டை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் ஏறத்தாழ 150 ஓவியம் அடங்கும். அதில் பின்னணியும் அடக்கம். தனிப் பின்னணித் தளம் அந்த இயந்திரத்தில் கிடையாது, எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில்தான் தீட்ட வேண்டும். சாட்டர்னில் வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு சில்லு உருவங்களை வரையும். மற்றது பின்னணித் தளங்களைத் தன் சொந்த நினைவகத்திலிருந்து காட்டும். பிரிவினை சண்டை விளையாட்டுக்கு இயல்பாகப் பொருந்தியது. நிரல் எழுதுவோரைத் திணறடித்த அதே சிக்கல் இந்த ஒரு வகைக்கு வரமானது.

ஆனாலும் வெறும் சாட்டர்ன் வெறும் பிளேஸ்டேசனை விட மிக உயர்ந்தது என்று சொன்னால் அது நடுநிலை ஆகாது. தீர்மானித்தது அதன் தலையில் இருந்த கேசட் துவாரம். கிங் ஒஃப் பைட்டர்ஸ் 95 ஓவியங்களில் ஒரு பகுதியை கேசட்டில் வைத்துக்கொண்டு வந்தது. 96 ஒரு மெகாபைட் நினைவகக் கேசட்டைப் பயன்படுத்தியது. 1997 நவம்பரில் எக்ஸ்-மென் எதிர் ஸ்ட்ரீட் பைட்டர் 4 மெகாபைட் கேசட்டோடு வந்தது. இயந்திரத்தின் சொந்த முதன்மை நினைவகத்தைப்போல் இரு மடங்கு. அந்த விளையாட்டின் இலக்கணமே இருவர் கொண்ட அணி, ஆட்டத்தின் நடுவில் கூட்டாளியை மாற்றி இறக்குவது. நான்கு வீரர்களின் ஓவியங்கள் ஒரே நேரத்தில் கைக்கெட்ட வேண்டும். சாட்டர்ன் அதைச் செய்தது. கடை இயந்திரத்தில் கண்ட அசைவு ஏறத்தாழ அப்படியே வீட்டுக்கு வந்தது.

1998இல் வந்த பிளேஸ்டேசன் பதிப்பில் மாற்றி இறக்குதல் இல்லை. கூட்டாளி வந்து ஓர் அடி அடித்துவிட்டுப் போவான், அவ்வளவுதான். இரு அணிகளிலும் ஒரே இரண்டு வீரர்கள் இருக்கும் தனி முறையில் மட்டும் மாற்ற முடியும். அப்போதுதான் நான்கு பேருக்கு இரண்டு பேரின் ஓவியம் போதும். அதற்கு மேல் இடைநிலை ஓவியங்களும் வெட்டப்பட்டிருந்தன. பெயரும் பாத்திரங்களும் ஒன்று, விளையாட்டு வேறு. இலக்கணத்தை இழந்த பின் எஞ்சிய வாக்கியம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் அது மூலத்தின் மொழிபெயர்ப்பு ஆகாது. நம் இளைஞர்கள் இந்தப் பதிப்பை ஏற்றிப் பார்த்து, அசைவு தடுக்குவதைக் கண்டு, அடுத்த இறுவட்டாக டெக்கனைப் போட்டதில் வியப்பில்லை. அவர்கள் கண்ணெதிரே இருந்த சான்றை வைத்துச் சரியாகத்தான் தீர்ப்பளித்தார்கள். சான்று குறைபட்டது.

பிளேஸ்டேசனின் பக்க நியாயம் சிறிதல்ல. அதன் நிறக் கலப்பு சுத்தமானது; கண்ணாடி, புகை, ஒளி எல்லாம் ஊடுதெரியும். சாட்டர்னில் அதே இடத்தில் பெரும்பாலும் வலைக்கண் போன்ற புள்ளி வேலைப்பாட்டையே காண்கிறோம். சண்டை வகைக்கு வெளியே இருந்தாலும் 1997இன் காசில்வேனியா: சிம்பொனி ஒஃப் த நைட்டை இங்கே குறிப்பிட வேண்டும். பிளேஸ்டேசனில் அது இருபரிமாணக் கலையின் முதல்வரிசை ஆக்கம். அடுத்த ஆண்டு சாட்டர்னுக்கு வந்த பதிப்பு கூடுதல் பகுதிகளோடு வந்தும் ஊடுதெரிதலை இழந்து, கிடைவாக்கில் இழுத்த உருவங்களோடு நின்றது. ஆகவே பிளேஸ்டேசனுக்கு இருபரிமாணம் வராது என்ற மறுபக்க வழக்குரையும் நிற்காது. பெரிய உருவங்கள் சில, அசைவுகள் பல என்ற சண்டையின் குறிப்பிட்ட தேவையில்தான் அது இடறியது. அங்கும் இடறாத சந்தர்ப்பம் உண்டு: 1998 டிசம்பரில் வந்த ஸ்ட்ரீட் பைட்டர் ஸீரோ 3. ஓவியங்கள் குறைந்திருந்தன. ஆனால் எவற்றைக் குறைப்பது என்று தெரிந்தவர்கள் குறைத்தார்கள். தொடக்க நிலையும் அடி விழும் நிலையும் காப்பாற்றப்பட்டன. மீளும் நிலைகள்தான் மெலிந்தன. வாசிக்க வேண்டியதை வாசிக்க முடிந்தது. 1999இல் ஜப்பானில் மட்டும் வெளியான சாட்டர்ன் பதிப்பு 4 மெகாபைட்டோடு நிறைவாக வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாட்டர்ன் மேல் என்பதில் ஐயமில்லை, ஆனால் இடைவெளி எக்ஸ்-மென்னில் இருந்த பள்ளம் அல்ல. ஆக்கியோரின் தெரிவுதான் அந்தப் பள்ளத்தைத் தூர்த்தது.

ஓவியம் கூடினால் தரம் கூடும் என்ற எளிய சமன்பாட்டை நான் ஏற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். 1991இன் ஸ்ட்ரீட் பைட்டர் 2 பின்னாளைய அளவுகளில் மிகச் சில ஓவியங்களே கொண்டது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கூற்று: அதன் வீரன் ரியூவின் கை பின்னால் போகும் அந்த ஒரே ஓவியத்தில் வரப்போவது முழுவதும் இருக்கிறது. நினைவகம் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு குறையும் தீர்ப்பில் கலந்திருக்கிறது. இலங்கையின் தொலைக்காட்சி பால் (PAL) முறை, விநாடிக்கு 50 தடவை. 60க்கென்று எழுதிய விளையாட்டைச் சீர்செய்யாமல் 50இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஐரோப்பாவிலிருந்து சொந்தங்கள் கொண்டுவந்த மெகா ட்ரைவும் சூப்பரும் இப்படித்தான் ஓடின, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு. பால் நாடுகளுக்கென்று செய்யப்பட்ட ஃபமிகொம் போலிகளும் இதே கதிதான்: அவற்றின் சில்லு ஜப்பானியக் கேசட்டை ஏற்குமாறு நேரத்தைச் சரிசெய்துகொண்டது, ஆனால் திரை 50தான். நான்கு பிரேமில் விழும் குத்து 67 மில்லிவிநாடியில் விழாமல் 80இல் விழுகிறது. தடுப்பது இலகு, அதனால் தாக்குவதன் மதிப்புக் குறைகிறது. ஆட்டத்தின் சமநிலையே நகர்கிறது. 60ஐ விரும்பி வேற்று நாட்டு இயந்திரத்தைப் பழைய பால் தொலைக்காட்சியில் பூட்டியவர்களுக்கு வேகம் கிடைத்தது, நிறம் போயிற்று. மந்தமான இருபரிமாணம், அல்லது கறுப்பு வெள்ளை இருபரிமாணம். வடிவத்தை நாம் சந்தித்தது இப்படியான உடைகளில்.

டெக்கன் 3க்கு உரிய இடத்தை இதனால் நான் மறுக்கவில்லை. 1998இல் பிளேஸ்டேசனுக்கு வந்த அந்த ஆக்கம் இயந்திரத்தை அறிந்து எழுதப்பட்டது. முப்பரிமாண வீரன் பொம்மலாட்டப் பாவையைப் போன்றவன்: உடலை ஒருமுறை செய்துவைத்தால் போதும், புதிய அசைவு என்பது மூட்டுகளின் கோணங்கள் மட்டும். 400 ஓவியத்துக்கான இருபது இலட்சம் பைட் அங்கே கேட்கப்படுவதேயில்லை. எனவே 2 மெகாபைட் அதற்குப் பஞ்சம் ஆகவில்லை. விநாடிக்கு 60 பிரேம் தடையின்றி ஓடியது. அதன் மேடைப் பின்னணிகளைக் கூர்ந்து பார்த்தால் கடை இயந்திரத்தின் முப்பரிமாண மேடைகள் நீக்கப்பட்டுத் தட்டைப் படங்கள் வைக்கப்பட்டிருப்பது தெரியும். எதை விட்டுக்கொடுத்தால் ஆட்டம் கெடாது என்று அறிந்து விட்டுக்கொடுத்த ஆக்கம் அது. அதே இயந்திரத்தில் எக்ஸ்-மென் எதிர் ஸ்ட்ரீட் பைட்டர் விட்டுக்கொடுத்தது ஆட்டத்தையே. இந்த இரண்டையும் ஒப்பிட்டு முப்பரிமாணம் வென்றது என்று சொல்வது, பொருந்திய ஆக்கத்தையும் பொருந்தாத ஆக்கத்தையும் ஒப்பிட்டு வடிவங்களைப் பற்றி முடிவெடுப்பது.

ஆகவே என் வரிசை இது. வடிவமைப்பின் ஒருமையில் நியோ ஜியோ முதலிடம், அதற்குப் போட்டியில்லை. கடையின் ஆட்டத்தை வீட்டுக்குச் சிதைக்காமல் கொண்டுவந்த சாதனையில் 4 மெகாபைட் கேசட் பூட்டிய சாட்டர்ன் முதலிடம். கேசட் இல்லாத சாட்டர்ன் அந்த இடத்துக்கு உரியதல்ல. குறைந்த வளத்தைக் கொண்டு நிறைந்த பயன் எடுத்ததில் சூப்பர் ஃபமிகொம். பிளேஸ்டேசன் இந்த ஒரு வகையில் இவற்றுக்குப் பின்னால்தான். அது நூறு மில்லியனுக்கு மேல் விற்றதும் சாட்டர்ன் பத்து மில்லியனைக்கூடத் தொடாததும் இந்த வரிசையை மாற்றாது.

நினைவகம் தாராளமான பின் என்ன நடந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. பின்வந்த டிரீம்காஸ்ட் இயந்திரத்தில் 16 மெகாபைட் முதன்மை நினைவகம் இருந்தது. 2000இல் மார்வெல் எதிர் கப்கொம் 2 அதில் 56 வீரர்களை நிறுத்தியது. பற்றாக்குறை என்று இப்போது ஒன்றுமில்லை. ஆனால் வீரர்கள் பலர் பழைய விளையாட்டுகளிலிருந்து எடுத்த பழைய துல்லியத்து ஓவியங்கள். பின்னணியோ வழவழப்பான முப்பரிமாணம். இரண்டும் ஒரே உலகத்தில் நிற்கவில்லை. ஆட்டம் வேகமானது, ஆழமானது, காட்சி ஒட்டுவேலை. அதற்கு முந்தைய ஆண்டில், 1990இல் வடிவமைத்த அதே நியோ ஜியோவில், எஸ்.என்.கே. கரோ: மார்க் ஒஃப் த வுல்வ்ஸை வெளியிட்டது. வீரன் தலைமயிர் அசைவதற்கும், மேலங்கி மடங்குவதற்கும், காலடி ஊன்றுவதற்கும் ஓவியம் இருந்தது. பின்னணியும் வீரனும் ஒரே கையின் வேலையாகத் தெரிந்தன. ஏறத்தாழப் பத்து வயதான இயந்திரத்தில், நிறக் கலப்பும் பெரிதாக்கலும் இல்லாமல், அது செய்யப்பட்டது. அதைப் பார்த்த பிறகும் டெக்கன் 3ஐத் தேர்பவரோடு எனக்கு வழக்கில்லை. அதைப் பாராமல் இருபரிமாணத்தை முடிந்த கதை என்பவரின் தீர்ப்பை என்னால் ஏற்க இயலாது.